கவிழ்ந்த விமானமும் அக்காவின் திருநீறும்

8 செப்டம்பர் 1957, ஞாயிறு

அக்கா மகன் சாமிநாதன் இன்று மலாக்கா பத்து பெரெண்டாம் விமானத் திடலில் சின்ன விமானத்தைத் தலைகீழாக ஓட்டிக் காட்டினான். எங்கள் காஜா பேராங் ஊர்ச் சனம் பாதி அங்கேதான்.

"கவிழ்றப்ப பையில சுருட்டு இருந்தா எனக்குப் போடு மாப்பிள்ளை" என்று ஏறும்போது சீண்டினேன்.

"பையில ஒண்ணுமே இருக்கக் கூடாது மாமா" என்று சீப்பைக்கூட எடுத்து என்னிடம் கொடுத்தான்.

அக்கா கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். அப்போதுதான் அவனுக்குத் தெரியாமல் திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் செருகியிருக்கிறாள்.

விமானம் கவிழ்ந்ததும் ஒரு தள்ளாட்டம். அதுவும் வித்தை என்று நினைத்து நான்தான் முதலில் கை தட்டினேன். பிறகு நிமிர்த்தி, பூவை வைக்கிற மாதிரி இறக்கினான். ஓடிப் போய்ப் பார்த்தால், பொட்டலம் பிரிந்து முகமெல்லாம் திருநீறு. கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"கண்ணே தெரியல மாமா. அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க."

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். "திருநீறுதாண்டா உன்னைக் காப்பாத்துச்சு!"

"ஆமாம்மா, அதான் முகம் பூரா பூசிக்கிட்டேன்" என்று சிரித்தான்.

பிறந்ததிலிருந்து அவனைக் கிண்டல் பண்ணுகிற வாய் இது. இன்று துண்டை நனைத்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டதோடு சரி.

கண் தெரியாமல் எப்படிடா இறக்கினாய்? நாளைக்குச் சீப்பைக் கொடுக்கும்போது கேட்கணும். கிண்டலுக்கு இல்லை.