ஊருக்குச் சொல்லவேண்டிய கலியாணம்

ஜூன் 7, சனி
சிட்னிக் குளிர்கால மழை. துவைத்ததெல்லாம் கராஜுக்குள் கொடியில்.

பக்கத்து வீட்டுச் சாந்தி மட்டன் ரோல்ஸுடன் வந்தாள். ரோல்ஸ் வந்தால் பின்னால் ஒரு காரியமும் வரும். வந்தது மகள் நிலா. பத்தொன்பது வயது, நேர்ஸிங் இரண்டாம் வருடம், முகம் தொங்கியபடி.

விஷயம் இது. போன ஜூலையில் யாழ்ப்பாணம் போனபோது நிலாவுக்கும் கஜனுக்கும் கலியாணப் பதிவு. பெடியன் அங்கே கணக்கு வாத்தியார். தாலி, இவள் படிப்பு முடிந்தபிறகு. தாலி ஏறும்வரை அது கலியாணமே இல்லை என்பது சாந்தியின் சட்டம். எங்களிடம் "பேசி வச்சிருக்கிறம்" என்றதோடு சரி. இப்போது நிலா அவனை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறாள். குடிவரவுக்காரர் கேட்கிறார்கள்: நீங்கள் கணவன் மனைவி என்று உங்கள் சனத்துக்குத் தெரியுமா? ஆதாரம் எங்கே?

தெரியாது. ஒருவருக்கும். எனக்கே தெரியாது! ஒரு மதில்தான் இடையில். என் மானம் போயிற்று.

"அக்கா, நீங்கள் வாயைத் திறந்தால் செவன் ஹில்ஸ் முழுக்கத் தெரியும்."

இத்தனை வருடம் கேட்காமலே செய்த சேவைக்கு முதல் அழைப்பு.

தேத்தண்ணிச் சாக்கில் நிலாவைக் குசினிக்குள் பிடித்தேன். "உண்மையைச் சொல்லு பிள்ளை. அம்மா கட்டாயப்படுத்தினவோ?"

"நோ அன்ரி! ஐ ஆஸ்க்ட் ஹிம். அவர் வெயிட் பண்ணுவம் எண்டுதான் சொன்னவர்." பிறகு மெதுவாக, "விசா வராட்டி படிப்பை விட்டிட்டு அங்கை போயிடுவன். அம்மாவிட்டைச் சொல்லாதீங்கோ."

ஒன்றைப் பரப்பவேண்டும், ஒன்றை விழுங்கவேண்டும். இரண்டாவதில் எனக்குப் பழக்கம் குறைவு.

ஜூன் 8, ஞாயிறு
வென்ட்வேர்த்வில் தமிழ்க்கடை. வாங்கியது: முருங்கைக்காய், இடியப்ப மா. மறந்தது: பால். சொன்னது: மூன்று பேருக்கு.

மூவரில் ஒருவர், பூரணம் அன்ரி: "பத்தொன்பதோ! என்ன அவசரம்? வயித்திலை ஏதுமோ?"

நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி. அடுத்தவர் வாயில் எவ்வளவு அசிங்கம்.

"பெடியன் யாழ்ப்பாணத்திலை, பெட்டை இஞ்சை. ஃபோனிலை அது வராது, அன்ரி."

கடைக்காரர் வெங்காயத்தைக் கீழே போட்டார்.

நான் வீடு வருமுன் என் வீட்டுக்காரருக்கு ஃபோன் வந்துவிட்டதாம், என் செய்தியை யாரோ சொல்லி. வேகம் குறையவில்லை.

ஜூன் 11, புதன்
கடும் குளிர். முழங்கால் வலி, இடது.

சாந்தி அழுதாள். வேலையிடத்தில் யாரோ, "சின்னப்பிள்ளையைத் தள்ளிவிட்டிட்டீர்" என்றார்களாம்.

"சாந்தி, நான் சொன்னால் அது வம்பு. நீர் சொன்னால்தான் கலியாணம்."

"தாலி இல்லாமல் எப்பிடியக்கா மருமகன் எண்டுறது? வாய் வருகுதில்லை."

சனிக்கிழமை இவரின் பிறந்தநாள். வழக்கமாக நானே மறந்துபோகும் நாள். இம்முறை நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன்; சாந்தி வாய் திறக்க ஒரு சபை வேண்டுமே. இவருக்கு ஒரே சந்தேகம். "எனக்கு ஏதும் வருத்தமெண்டு டொக்டர் சொன்னவரோ?"

ஜூன் 14, சனி
கராஜ் நிறையக் கதிரை, கொத்துரொட்டி, சனம். நிலா ஃபோனில் கஜனை ஏந்தியபடி ஒவ்வொருவராகக் காட்டுகிறாள். பெடியன் வணக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டான்.

பூரணம் அன்ரி நேரே சாந்தியிடம்: "உது ஆர் பெடியன்?"

எனக்கு நாக்குத் துடித்தது. ஒரு முழு ரோலை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சாந்தி நிலாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

"என்ரை மருமகன். பதிவு முடிஞ்சு வருசமாகப் போகுது."

நிலா ஃபோனைச் சாந்தியின் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"மாமி," என்றான் கஜன். இதுவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவானாம். "சாப்பிட்டிட்டீங்களோ?"

அவ்வளவுதான். சாந்தி ஃபோனைப் பறித்துக்கொண்டு மூலைக் கதிரையில் போய் இருந்துவிட்டாள். ஏன் மெலிஞ்சு போனீர், அங்கை ஆர் சமைக்கிறது, இருமல் விட்டுட்டுதோ. அரை மணித்தியாலமாகிறது. தன் புருஷனோடு கதைக்க நிலா பக்கத்தில் வரிசையில் நிற்கிறாள்.