எங்கள் ஓடை உருண்டை

பிப்ரவரி 4
என் கைடு டின்சி மிஸ் சரி சொல்லிவிட்டார்! எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு, சூரியநெல்லியில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு மேலே ஓடும் ஓடையேதான். எந்தெந்தச் சரிவில் பெய்யும் மழை அதில் வந்து சேருகிறது, அந்த நிலம் நீளமா உருண்டையா, எத்தனை கிளை — எல்லாம் அளக்க வேண்டும். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 19
கம்ப்யூட்டர் முப்பத்தெட்டுக் கிளை ஓடை காட்டுகிறது. முப்பத்தெட்டு! நிலமோ அழகான உருண்டை. அடுப்படிக்கே வரைபடத்தைக் கொண்டுபோனேன்.

அம்மா விரலை வைத்து, "ஏட்டி, இதெல்லாம் ஓடையா? தேயிலைக்குள்ள தண்ணி வடிய கம்பெனி வெட்டுன கானு. தெனம் இதத் தாண்டித்தான் கொழுந்து எடுக்கேன்" என்றாள்.

எஸ்டேட்டில் பிறந்தவளாம் நான்! சிரித்துச் சிரித்து வயிறு வலி.

பிப்ரவரி 23
நடந்தே பார்த்தாயிற்று. அசல் ஓடை பதினான்கு. இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். பரம சந்தோஷம்.

பிப்ரவரி 24
சந்தோஷம் போச்சு. நீளமான நிலம் என்றால் தண்ணீர் ஒவ்வொரு கிளையாக வந்து சேரும். உருண்டை என்றால் எல்லாக் கிளைத் தண்ணீரும் ஒரே நேரத்தில் அடிவாரத்துக்கு வந்து வெள்ளமாகிவிடும். அங்கேதான் அங்கன்வாடி கட்டப் போகிறார்கள். அம்மா நாலு வருசமா மனு எழுதி எழுதி வாங்குன இடம்! கிளை குறைஞ்சாலும் உருண்டை உருண்டைதானே? கானும் சேர்ந்துல்ல தண்ணியத் தள்ளும்?

பிப்ரவரி 25
அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 27
சொல்லிட்டேன்.

"கானப் பாத்து ஓடைன்னவதானட்டி நீ? இப்ப என் எடம் ஆவாதுங்கியா?"

நியாயமான கேள்வி. அழுகையாக வந்தது.

மார்ச் 2
மூன்று நாளாக அம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. இன்று கொழுந்து எடை போடும் இடத்துக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். எல்லாத் தேயிலைக் காட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் சாக்கோடு இறங்கி, ஒரே தள்ளுமுள்ளு. அம்மா ஓரமாக நசுங்கி நின்றாள்.

"எம்மா! இதாம்மா உருண்டை!" என்று கத்திவிட்டேன். கங்காணி முறைத்தார். மற்ற எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் திரும்பி அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 3
விடிந்தும் விடியாமல் அம்மா போர்வையை இழுத்தாள். கையில் வெள்ளைத்தாள், பேனா.

"எந்திரிட்டி. மேட்டுல வேற எடம் கேட்டு எழுதணும். நீ சொல்லு, நான் எழுதுதேன்."

பல்கூட விளக்காமல் சொல்ல ஆரம்பித்தேன்.