திரை போட்ட குதிரை வண்டி

திருத்தணி முருகன் துணை

கும்மிடிப்பூண்டி,
12.2.2024

அன்புள்ள கமரு அக்காவுக்கு,

சந்திரகலா எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் என்றால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதவாக இருந்தபோது, உங்கள் டிவியில் அந்தப் பழைய உருது படம் பார்த்தோமே. எனக்குப் புரியாது என்று வசனம் வசனமாகத் தமிழில் சொன்னீர்கள். புருஷன் அவளை நாலு பேர் முன்னால் அடித்து வெளியே தள்ளுவான். பூவேலை தைத்துப் பிழைப்பாள். கடைசியில் அவன் குதிரை வண்டியோடு வந்து நிற்பான், ஏதோ பேசுவார்கள், பிறகு திரை போட்ட வண்டி மட்டும் போகும். "உள்ளே அவதான் கலா. மன்னிச்சுட்டுப் போறா" என்றீர்கள். கந்த சஷ்டி எழுதும் நோட்டிலேயே அந்தக் கதையையும் எழுதி வைத்தேன்.

போன ஆடியில், மாப்பிள்ளை விமல் அடித்தான் என்று என் மகள் இளமதி துணிப்பையோடு வந்து நின்றாள். சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்து அந்த நோட்டைப் படித்துக் காட்டினேன். "பொறுத்துனு இருந்தாடி அவ. அவனே வண்டி எடுத்துக்கினு வந்தான் பாரு" என்று சொல்லி, திரும்ப அவன் ஊருக்கே, தேர்வாய் கண்டிகை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தை மாதம் நானே போய்க் கூட்டிவந்தேன். அவன் அறைந்ததில் இடது காது போய்விட்டது. இனிமேல் வராது என்கிறார் டாக்டர்.

நேற்று அவள் செல்போனில் அதே படம், அடியில் தமிழ் எழுத்தோடு. கடைசியில் நிறுத்தினாள்.

"இன்னாமா, இவ போகவே இல்லியே? வண்டியில போறது கல்யாணத் துணிப்பெட்டி. 'இதையும் எடுத்துக்கினு போ, நான் வரல'ன்றா."

ஏன் அக்கா மாற்றிச் சொன்னீர்கள்?

தங்கை,
சந்திரகலா


பள்ளிப்பட்டு,
20.2.2024

கலாவுக்கு, கமருன்னிசா துவாவோடு எழுதுவது.

அன்று என் மாமியார் பின்னால் கட்டிலில் இருந்தார். அவருக்கும் உருதுதானே பேச்சு. நான் மாற்றிச் சொன்னது அவருக்குத் தெரியும். நீ போன பிறகு "நல்லா சொன்னே" என்றார். எனக்கு அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அவர் மேல் பழி போடவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தேன். கையில் கட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வழுக்கி விழுந்தேன் என்றேன். நீயும் எண்ணெய் தேய்த்துவிட்டாய், வேறு எதுவும் கேட்கவில்லை. 'அவ போகல' என்று என் வாயால் சொன்னால், அப்புறம் நீ எதுக்குடி வந்தே என்று என் மனசே என்னைக் கேட்டிருக்கும். அதனால் அவளையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மவுத்தாகி நாலு வருஷம். மாமியாரும் போய்ச் சேர்ந்தார். இப்போது நான் ஒருத்திதான். பிள்ளையை இங்கே அனுப்பு. என்னைத் திட்டுவதற்காவது வரட்டும்.

கமருன்னிசா


முருகன் துணை

கும்மிடிப்பூண்டி,
3.3.2024

கமரு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். இளமதி பிடுங்கிப் படித்தாள். "அவங்க கதைய மாத்திட்டாங்க, நான் இன்னாடி பண்ணுவேன்" என்றேன்.

"கமரு பெரிம்மா டிவியப் பாத்து பொய் சொன்னாங்க. நீ என் மூஞ்சியப் பாத்துக்கினே சொன்னியேமா. ஒதடு கிழிஞ்சு இருந்துச்சே, தெரியல?"

தெரிந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பேன் அக்கா. அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்குள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதற்குள். சாமி முன்னால் உட்கார்ந்து வேறு பதில் தேடினேன். இதுதான் வந்தது.

இது வந்து சேருவதற்குள் இளமதி உங்கள் வீட்டில் இருப்பாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்" என்றாள்.

காரம் குறைவாகப் போடுங்கள். அவள் படுத்த பிறகு தாழ்ப்பாள் போடாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். நான் பக்கத்தில் போனால் இன்னும் ஒட்டிக்கொள்கிறாள்.

சந்திரகலா