இது காயம் இல்லை, பாப்பா

பாப்பா,

கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், எடுத்துப் படி. "நான் சாகப்போறேனாப்பா?" என்று உள்ளிருந்து கேட்டாயே, அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாக மாட்டாய் கண்ணு. இது காயமோ நோயோ இல்லை, மாதவிடாய். சில நாளில் தானே நிற்கும். முதல் வருஷம் முன்னே பின்னே வரும், பயப்படாதே.

அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன். ஆபரேஷனில் நிற்கிறாளாம்.

உன் கதவுக்கு வெளியே பை இருக்கிறது. எது சரியென்று தெரியாமல் கடையில் இருந்த நாப்கினையெல்லாம் அள்ளி வந்தேன். பின்பக்கக் காகிதத்தை உரித்து ஜட்டியில் ஒட்டு. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. பழையதைச் சுற்றிக் குப்பையில் போடு, கக்கூஸில் போட்டுவிடாதே. வலித்தால் வயிற்றில் வெந்நீர்ப் பை வை. மணிக்கொரு நாப்கின் முழுசாக நனைந்தால் மட்டும் உடனே சொல், டாக்டரிடம் போவோம்.

"உங்களுக்கென்ன தெரியும், போங்கப்பா!" என்று கத்தினாய். அரைகுறையாகத்தான் தெரியும். அதற்காகப் போய்விடுவேனா?

நான் வேலைக்குக் கிளம்பியதும் மேல்வீட்டு அத்தை வந்து உன்னோடு இருப்பாள்.

இன்னொன்று: பஸ் டிப்போவில் இருந்து விடாமல் கூப்பிடுகிறார்கள். படித்ததும் கதவை ஒரு தட்டுத் தட்டு, அது போதும். அதுவரை இங்கிருந்து அசைய மாட்டேன். நான் இல்லாமல் பஸ் கிளம்பாவிட்டால் கிடக்கட்டும்.

அப்பா