துப்பட்டா போட்ட சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? ஆதிரை இன்னும் போனில் அம்மாகிட்ட பேசமாட்டேன் என்கிறாளா?

இங்கே பூந்தமல்லி பட்டறையில் ஒரு பழைய பஸ்ஸை, படுக்கையும் அடுப்பும் வைத்து, ஊர் சுற்றுகிற வண்டியாக மாற்றுகிறோம். இன்று சீட்டுகளைக் கழற்றினார்கள். நான் சாப்பிடப் போகும்போது ஜன்னலோர சீட்டில் துப்பட்டாவைப் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அது ஒன்று மட்டும் நிற்கிறது.

"இன்னா மேடம், துண்டு போட்டு இடம் புட்ச்சிட்டீங்கோ. ஆளு வருதுனு உட்டுட்டோம்" என்றான் ஃபிட்டர் ஜீவா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"யாரும் வரல, கழட்டிடுங்க" என்றேன். கழற்றிவிட்டார்கள்.

மனோகரன் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால், ஆதிரை போட்டு அவிழ்த்த கவுன் ஒன்று கொடுத்தனுப்புங்க. துவைக்க வேண்டாம்.

தூக்கம் வருது, முடிக்கிறேன்.
சௌம்யா