பன்னிரண்டாவது பை

20.11.96, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். தைத்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைக்க வேண்டும்.

மில் பூட்டி ஐந்தாம் மாதம். இவர் இன்றும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மில் கேட் வரை போய்விட்டு வந்தார். புது நோட்டீஸ் இல்லை. சர்ச்சுக்கு மட்டும் வருவதில்லை, ஆட்கள் விசாரிப்பார்களாம்.

போதகர் வந்தார். ஞாயிறு ஆராதனையில் நான் ஜெபம் பண்ண வேண்டும். தேவனுடைய அன்பு, ஏழைகளுக்கு இரங்குவது பற்றி. "அரிசி வேலையெல்லாம் நீங்கதானுங்களே பாக்கறீங்க, நீங்களே பண்ணிப்போடுங்க." சரி என்றேன். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக்கு மூச்சு "ஆகையால் ஆண்டவரே" வந்துவிடும்.

21.11.96, வியாழன்

ஜெபம், நாலு வரி. "எங்களைச் சுற்றியுள்ள ஏழைகளை நினைத்தருளும்." நன்றாக வந்திருக்கிறது.

அரிசி டப்பா முக்கால். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவது எங்கள் சபைப் பெண்கள் வழக்கம். மாதத்தின் நாலாவது சனி, சர்ச்சில் ஒரே டிரம்மில் கொட்டி, பதினொரு பையாகக் கட்டி, பதினொரு வீட்டுக்கு. ஆறு வருஷமாக என் பொறுப்பு.

எழுதியே விடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். வீட்டுக்குப் பொன்னி, டப்பாவுக்கு ரேஷன். இத்தனை வருஷமும் அப்படித்தான். மில் பூட்டிய பிறகு வீட்டிலும் ரேஷன். நேர்மை வந்துவிட்டது.

22.11.96, வெள்ளி

கொக்கி வைத்தாயிற்று. ரயில்வே கேட் பக்கம் ராகேலைப் பார்த்தேன். பதினொரு வீட்டில் ஒன்று அவளுடையது. புருஷன் இல்லை, சித்தாள் வேலை. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

போன மாதம் பை வாங்கும்போது சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க அம்மணி. பச்சரிசி, புழுங்கல், ரேசன் அத்தனையும் ஒண்ணாக் கெடக்குதுங்க. பாதி கொழையுது, பாதி வேகமாட்டேங்குது."

சுருக்கென்றது எனக்கு. "சும்மா கெடைக்கறதுல நொட்டை சொல்லலாமுங்களா?" என்றேன். 'ங்க' போட்டுத்தான். நம்ம ஊரில் திட்டுக்கும் 'ங்க' உண்டு. அவள் முகம் செத்துப்போயிற்று.

23.11.96, சனி

வெயில். டிரம்மில் கொட்டியாயிற்று. பெண்கள் சங்கத் தலைவி கிரேஸ் அக்கா பன்னிரண்டு பை கட்டச் சொன்னார். "புதுசா யாருங்க்கா?" "கட்டு கண்ணு, சொல்றேன்." பாவம் யாரோ என்று அந்தப் பையில் இரண்டு கை கூடப் போட்டேன். எல்லாரும் போனபின் அக்கா அதை என் கையில் கொடுத்தார். "தப்பா நெனைக்காத கண்ணு. கமிட்டியில பேசித்தான்..."

கமிட்டியில் பேசினார்களாம். என்னைப் பற்றி! பையை பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மானமே போயிற்று. இவரிடம் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டேன்.

24.11.96, ஞாயிறு

நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று இவரும் வந்தார், ஐந்து மாதத்துக்கு அப்புறம். கடைசி பெஞ்ச். காகிதத்தைப் பிரித்தேன். "எங்களைச் சுற்றியுள்ள" வரை வாசித்தேன், காகிதத்தை மடித்துவிட்டேன். "எங்கள் எல்லாருக்கும் இரங்கும்" என்று ஆமென் போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

விறுவிறுவென்று வீட்டுக்கு. இவர் அரைமணி கழித்து. கையில் அந்தப் பை. மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க, எல்லாரும் பார்க்க, தூக்கிக்கொண்டு. "கிரேஸக்கா குடுத்தாங்க. மறந்து உட்டுப்போட்டு வந்துட்டியாமா." மறக்கவில்லை என்று அவருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அவர் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

25.11.96, திங்கள்

வீட்டு அரிசி நேற்றோடு தீர்ந்தது. பையைப் பிரித்தேன். முதலில் ஒரு கைப்பிடி டப்பாவுக்கு; கை தானாகப் போயிற்று. சோறு பாதி கூழ், பாதி வேகாத நறுக்கு. இவர் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

மீதி அரிசியோடு ராகேல் வீட்டுக்கு. அவளுக்கு இன்று வேலை இல்லை. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இத எப்படிங்க ஆக்கறீங்க?"

"உங்களுக்கு ஏனுங்க இந்த அரிசி?"

"எனக்கும் குடுத்திருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. பாயைத் தட்டிப் போட்டாள். "ஆக்கறதுக்கு முன்னாடி பொறுக்கிப் பிரிச்சுப்போடணுமுங்க. மூணும் தனித்தனியா." ஆறு வருஷமும் அப்படித்தானாம். ஒரு குண்டு அரிசியை எடுத்துக் காட்டினாள். "இந்த ரேசன யாரு போடறாங்களோ, ஒரு மாசம் தவறுனதில்லீங்க."

"நான்தானுங்க."

கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப ரேசன நீங்க பொறுக்குங்க. நான் பச்சரிசி பாக்கறேன்."