உங்கள் டைமில் யாரும் வண்டி எடுக்கவில்லை

ஜன்னலோரச் சீட்டில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்துத் தந்த அப்பாவுக்கு,

இல்லைப்பா, எம்.பி.ஏ.வோடு முடியவில்லை. அதற்கு மேலும் படிப்பு இருக்கிறது.

பெரம்பலூரில் என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்றே கேட்டீர்கள். "இதோட மேனேஜருதானே பாப்பா?" தலையாட்டினேன். அன்று எனக்கும் அவ்வளவுதான் தெரியும். இப்போது டாக்டர் பட்டத்துக்குப் போகிறேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கடை வைப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. "அதுக்கு ஓனரு யாரு?" என்பீர்கள். ஓனர் இல்லை. அதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருக்கிறது. மின்னஞ்சல் வந்தபோது அம்மா வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையை நிறுத்தவில்லை.

"எவ்வளவு கட்டணும்?"

"கட்ட வேணாம்மா. அவங்கதான் மாசாமாசம் குடுப்பாங்க."

"படிக்கிறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா? புள்ள புடிக்கிற கும்பலா இருக்கும். நல்லா விசாரி."

விசாரித்தாயிற்று. கும்பல் இல்லை. ஆனால் அம்மா கேட்காத கேள்வி வேறு. அதை இரண்டு பேருமே கேட்கவில்லை. நான் போய்விட்டால் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நான் பதில் எழுத வேண்டும். நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

போன வருடமும் விண்ணப்பித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய கதைதான் அது, சிரிப்பீர்கள்.

வெளிநாட்டில் இடம் கேட்டால், நமக்குப் பாடம் நடத்திய மூன்று பேராவது நம்மைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. எங்கள் துறைத் தலைவர் சார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீயே எழுதிட்டு வாம்மா. லெட்டர் பேட்ல போட்டு சைன் பண்ணித் தந்துடுறேன். எல்லாருக்கும் அப்படித்தான்." மற்ற இரண்டு சார்களும் அதையேதான் சொன்னார்கள். மறுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அது அவர்கள் காட்டுகிற அன்பு. நல்ல சார் என்றால் கேட்ட உடனே கையெழுத்துப் போடுகிறவர்.

என்னைப் பற்றி நானே மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்று வெவ்வேறு எழுத்துருவில். தற்குறிப்பில் அப்பா பெயர், அம்மா பெயர், மதம், 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்', இடம், கையொப்பம். கல்யாணத் தரகருக்குக் கொடுப்பதுபோல.

எங்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரே மாதிரி தன்மையாக இருந்தது.

எங்கள் கல்லூரியில் எனக்கு முன்னால் படித்து, இப்போது வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், பெயர் நஸீமா. என் விண்ணப்பத்தை அனுப்பி, எங்கே தவறினேன் என்று கேட்டேன். வீடியோவில் வந்தார். படித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டி, மூணு சாரும் ஒரே மாதிரி பேசுறாங்க. மூணும் நீதானே?"

"எல்லாரும் அப்படித்தான்க்கா செய்வாங்க."

"நானும் மொத வருசம் அதத்தான் செஞ்சேன். அத வுடு. இது என்ன, 'ஒபீடியன்ட்'? மூணு கடுதாசிலயும் இருக்கு. சொன்ன பேச்சக் கேக்குற புள்ளைய வச்சு அவங்க என்ன ஆராய்ச்சி பண்ணுவாங்க? யா அல்லா, வூட்டுக்கு மருமவளா எடுக்குறாங்க?"

நானும் சிரித்தேன். இணைப்பைத் துண்டித்த பிறகு சிரிப்பு வரவில்லை. கீழ்ப்படிகிறவள். உழைப்பாளி. நேர்மையானவள். யாருக்கும் பொருந்தும். அந்த மூன்று கடிதங்களில் நான் எங்கேயும் இல்லை.

பிறகு நஸீமா அக்கா ஒன்று கேட்டு அனுப்பினார். "நீ எதைப் பற்றியாவது யாரோடாவது சண்டை போட்டிருக்கிறாய்?"

போட்டிருக்கிறேன், அப்பா. உங்களைப் பற்றி.

நீங்கள் போன நாளை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கூடத்தில் படுத்திருந்தீர்கள். நீங்கள் டிக்கெட் கிழித்த பச்சை வண்டி அன்று ஓடவில்லை. உங்கள் டிரைவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூலாம்பாடியிலிருந்து சித்தி மட்டும் வரவில்லை. எடுக்கப் போகிற நேரத்துக்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்தாள். மாலையோடு, வியர்வையோடு, கத்திக்கொண்டே.

"பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுல மஞ்ச வண்டி நிக்குது. ஏத்த மாட்டேங்குறான். எடுக்கவும் மாட்டேங்குறான். கேட்டா இது அவரு டைமாம்! யாரு டைமுடா, அவரத்தான்டா பாக்கப் போறேன்னு சொல்லுறேன், அப்பவும் எடுக்கல!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தினார்கள். உங்கள் டிரைவர்தான் முதலில் சிரித்துவிட்டார், பிறகு எல்லோரும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரம்பலூர் அரியலூர் சாலையில் தனியார் வண்டி ஒவ்வொன்றுக்கும் புறப்படும் நேரம் உண்டு. அதுதான் டைம். முன்வண்டி வராவிட்டால் பின்வண்டி அந்த டைமில் எடுத்துவிடும். அதுதான் தொழில். பேரளியில் ஆள் பிடிக்க, குன்னத்தில் ஆள் பிடிக்க, பச்சை வண்டிக்கும் மஞ்சள் வண்டிக்கும் எவ்வளவு சண்டை. சட்டையைப் பிடித்து, டைம் ஆபீஸ் முன்னால், பெற்றவள் வரை இழுத்துத் திட்டி. அப்பா, நீங்கள் வீட்டுக்கு வந்து மஞ்சள் வண்டி கண்டக்டரைத் திட்டிய திட்டுகளை நான் இங்கே எழுத முடியாது.

அன்று முழுவதும் உங்கள் டைம் எதிலும் யாரும் எடுக்கவில்லை. நீங்கள் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்ததாம். பயணிகள் திட்டினார்களாம். யாரும் கூடிப் பேசவில்லை. சங்கம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பச்சை வண்டி வேறு கண்டக்டரோடு வந்தது. அவரோடு மஞ்சள் வண்டிக்கு அன்றே சண்டை.

அடுத்த பருவத்தில் துறைத் தலைவர் சார் வியாபாரப் போட்டியைப் பற்றிப் பாடம் எடுத்தார். இரண்டு வியாபாரிகள். ஒருவன் விட்டால் மற்றவன் எடுப்பான். எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லாத இடத்தில் எடுக்காமல் இருக்கவே மாட்டான். நான் எழுந்து நின்றேன்.

"எங்க ரூட்ல எடுக்கல சார்."

"அது சென்டிமென்ட்டும்மா. சிலபஸ்ல வராது."

"சென்டிமென்ட்டுன்னா மறுநாளே ஏன் சார் சண்ட?"

வகுப்பு சிரித்தது. சார் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவர் சொல்லி நான் கேட்காத முதல் தடவை அது என்று நினைக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது.

இந்த வருடம் முதலில் அந்தச் சாரிடமே போனேன். நான் எழுதித் தர மாட்டேன், நீங்களே எழுதுங்கள் என்றேன். பேனாவை மூடினார்.

"ஒன்னப் பத்தி நான் என்னம்மா எழுதறது?"

"தெரிஞ்சத எழுதுங்க சார்."

"தெரிஞ்சது ஒண்ணுதான். நீ என்கூட மல்லுக்கு நின்ன."

"அத எழுதுங்க."

"எழுதுவேன். அப்பறம் சீட்டு வரலன்னா என்னக் கொற சொல்லக் கூடாது."

எழுதினார். நான் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்க்கவில்லை. ஆனால் எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு மாணவிக்காகத் தானே உட்கார்ந்து கடிதம் எழுதினாரோ. அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. கொஞ்சம் பெருமையும்.

என் பங்குக்கு நான் அரியலூருக்குப் போனேன். மஞ்சள் வண்டி கண்டக்டர் கொளஞ்சி மாமா பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பை. பையில் பணம் அனுப்புகிற ஸ்கேன் அட்டை தொங்குகிறது இப்போது. சில்லறைச் சண்டையே இல்லை. உங்களுக்குப் பாதி நாள் போரடித்திருக்கும்.

"மாமா, எங்கப்பா செத்த அன்னிக்கி ஏன் அவரு டைம்ல வண்டிய எடுக்கல?"

"ஏன், ஓனரு கேட்டு வரச் சொன்னாரா?"

"இல்ல மாமா. படிப்புக்கு."

"இதப் போயி படிக்கிறியா? வெளங்கிரும்." டீயை ஊதினார். "நான் என்னத்தக் கண்டேன். டிரைவரு எடுக்கல."

பக்கத்தில் நின்ற டிரைவர் திரும்பினார். "நானா? நீ விசிலு குடுக்கல, நான் எப்புடிய்யா எடுக்குறது?"

"நீ சாவியவே கழட்டி வச்சிருந்த."

"நீ எறங்கிப் போயி டீக்கடையில ஒக்காந்துட்ட!"

என்னை மறந்துவிட்டு அவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். கூட்டம் கூடியது. நான் டீக்குக் காசு கொடுக்கப் போனேன். கொளஞ்சி மாமா அந்தச் சண்டைக்கு நடுவிலும் கையைத் தட்டிவிட்டார். "சும்மா இரு. அந்தாளு கேட்டா என்னய வையும்." உங்களைத்தான் சொன்னார். உயிரோடு இருக்கிறவரைச் சொல்வதுபோல்.

நேர்காணல் கல்லூரியிலேயே நடந்தது. நம் வீட்டில் சிக்னல் நிற்காது. சார் தன் அறையைத் தந்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த பையன்களை எல்லாம் விரட்டினார். திரையில் மூன்று பேர். பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். டைமைச் சொன்னேன். சித்தியைச் சொன்னபோது சிரித்தார்கள், பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். எனக்காகச் சங்கடப்பட்டிருக்க வேண்டும். சிரியுங்கள் என்றேன். எங்கள் வீட்டிலும் சிரித்தோம் என்று சொன்னேன்.

நரைத்த அம்மாள் ஒருவர் கேட்டார். அன்று எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது யார்?

கேட்டேன், ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள் என்றேன். எனக்கு விடை தெரியாது. அதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்று கேட்ட இடத்தில் போன வருடம் ஒரு நண்பன் 'போக்குவரத்துத் துறை' என்று போடச் சொன்னான். இரண்டு வருடமும் கண்டக்டர் என்றுதான் போட்டேன். ஆனால் அன்று முதல் தடவையாக, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அதன்மேல் வேறு எதையும் போர்த்தாமல் அவர்களை நிமிர்ந்து பார்த்தேன். முதுகு நேராக இருந்தது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

இடம் கிடைத்தது. பிறகு அம்மா.

ஒரு வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். அதை அவளும் அறிவாள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

நேற்று குன்னத்தில் மஞ்சள் வண்டியில் ஏறினேன். கொளஞ்சி மாமா டிக்கெட் கிழிக்காமல் என்னைப் பார்த்தார்.

"எப்ப கெளம்புற?"

"எங்க மாமா?"

"கனடாவுக்குத்தான். ஒங்கம்மா காலையில வண்டி பூராவும் சொல்லிட்டுப் போவுது. 'எம்மவ டாக்டருக்குப் படிக்கப் போறா, அவங்களே சம்பளம் குடுத்துப் படிக்க வைக்கிறாங்க'ன்னு. அந்தப் பக்கம் ஒருத்தன் சும்மா கெடக்காம, பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் ஒத்தையிலயா அனுப்புறீங்கன்னான். வாங்கிக் கட்டிக்கிட்டான்."

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஒத்தையில இருக்கத் தெரியும், நீ ஒன் ஸ்டாப்புல எறங்குன்னு சொன்னாங்க."

அப்பா, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போயின. என்னிடம் சொல்ல முடியாததை ஊரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

ஒரு வாக்கு தருகிறேன். அந்த ஊரில் உட்கார்ந்து எழுதும்போது உங்கள் ஆட்களைத் தெய்வமாக்க மாட்டேன். சட்டையைப் பிடித்ததையும் எழுதுவேன். சாவியைக் கழற்றி வைத்ததையும் எழுதுவேன். விடை கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று எழுதுவேன்.

உங்களுக்குக் கீழ்ப்படியாத, உங்கள் ஒரே மகள்,
இளவரசி.

இதை எழுதி முடித்ததும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, சம்மதம் என்ற இடத்தில் அழுத்தினேன். சாருக்கு ஒரு வரி அனுப்பினேன். அம்மா மக்காச்சோளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போய் மூட்டையின் வாயைப் பிடித்தேன்.